எம்.ஆர்.ஐ ஒருதடவை எடுத்தாச்சு, ஆபரேஷனுக்கு முன்னாடி மறுபடியும் எதுக்கு?

கேள்வி: மார்ச் 3, காலை

அக்காவுக்கு மூளையில் இடது பக்கம் கட்டி. பேசிக்கொண்டிருக்கும்போதே வலிப்பு வந்து, உடனே எம்.ஆர்.ஐ எடுத்தோம். மருந்து ஏற்றியும் எடுத்துவிட்டார்கள். கட்டி எங்கே, எவ்வளவு பெரிசு என்று எங்களுக்கே ஃபிலிமில் தெரிகிறது. இப்போது நியூரோ சர்ஜன் பெர்ஃப்யூஷன், ஸ்பெக்ட்ரோஸ்கோப்பி, ஃபங்ஷனல், டிராக்டோகிராஃபி என்று ஒரு பட்டியலே எழுதி மறுபடி ஸ்கேனுக்கு அனுப்புகிறார். தெரிந்ததையே திரும்ப எடுத்து என்ன ஆகப்போகிறது? காசு கறக்கிற வேலை என்றுதான் எனக்குப் படுகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மார்ச் 3, இரவு

எம்.ஆர்.ஐ மெஷின் முன்னால் உட்கார்ந்து பிழைப்பவன் நான். டாக்டர் இல்லை, டெக்னீஷியன். அக்காவுக்கு இருப்பது என்ன கட்டி என்று என்னிடம் கேட்காதீர்கள் தம்பி. அந்தப் பட்டியல் எதற்கு என்று சொல்கிறேன்.

மருந்து ஏற்றியபின் வெள்ளையாகத் தெரிகிறதே, அதுதான் கட்டி என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் இருக்கும் தடுப்பு அந்த இடத்தில் ஒழுகுகிறது, காடோலினியம் என்ற அந்த மருந்து வெளியே கசிந்திருக்கிறது. வெள்ளைக்கு அவ்வளவுதான் அர்த்தம். ஒழுகாத இடத்திலும் கட்டியின் செல்கள் இருக்கலாம். க்ளியோப்ளாஸ்டோமா என்ற வீரியமான மூளைப் புற்றில் அந்த வெள்ளை வளையத்தைத் தாண்டி வெளியேயும் ஊடுருவிக் கிடக்கும். இன்னொரு பக்கம், பெரும்பாலும் பிள்ளைகளுக்கு வரும் பைலோசைட்டிக் ஆஸ்ட்ரோசைட்டோமா பளீரென்று வெள்ளையாகத் தெரியும். அது கிரேடு 1, வீரியம் மிகக் குறைந்த படி. வெள்ளையை வைத்து வீரியத்தை எடைபோட்டால் ஏமாந்துபோவோம்.

கட்டி இருக்கும் இடம் தெரிந்துவிட்டது என்கிறீர்கள். கத்தி எடுக்கப்போகிறவருக்கு அது போதாது. எந்த மாதிரிக் கட்டி, அதற்குள்ளேயே மோசமான பகுதி எது, பக்கத்தில் கைவைக்கக் கூடாதது எது, இதெல்லாம் தெரிய வேண்டும்.

மார்ச் 3, படுக்கப்போகும் முன்

காசு கறப்பது என்றீர்களே, அந்தச் சந்தேகமே தப்பு என்று சொல்ல மாட்டேன். பட்டியலில் இருக்கும் எல்லாமே எல்லோருக்கும் தேவைப்படாது. வலது நெற்றிப் பக்கம் மேலோட்டமாக ஒரு மெனிஞ்சியோமா (மூளை உறையில் வரும் கட்டி) இருப்பவருக்கு ஃபங்ஷனல், அதாவது பேச்சுக்கும் அசைவுக்கும் வேலை செய்யும் இடங்களைக் காட்டும் ஸ்கேன், எழுதி வந்தால் நானே ஒரு தடவைக்கு இரண்டு தடவை சீட்டைப் பார்ப்பேன். உங்கள் கதை வேறு. இடது பக்கம், அதுவும் பேசும்போது வலிப்பு. அக்கா எந்தக் கைப்பழக்கம்? பேச்சில் தடுமாற்றம் இருக்கிறதா?

மார்ச் 4

வலது கை, சில வார்த்தைகள் வாயில் வராமல் நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் சர்ஜன் ஃபங்ஷனல் கேட்காமல் இருந்தால்தான் நான் ஆச்சரியப்பட்டிருப்பேன்.

வலது கைக்காரர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் மொழி இடது பாதியில்தான் குடியிருக்கிறது. இடது கைக்காரர்களிலும் பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான், ஆனால் வலது பக்கமோ இரண்டு பக்கமுமோ இருப்பவர்கள் அங்கே கூடுதல். இதைக் கண்டுபிடிக்க முன்பு வாடா டெஸ்ட் என்று ஒன்று செய்தார்கள். ஜூன் வாடா என்ற ஜப்பானிய மருத்துவர் 1949-ல் எழுதியது. கழுத்து ரத்தக்குழாய் வழியாக அமோபார்பிட்டால் செலுத்தி மூளையின் ஒரு பாதியைச் சில நிமிடம் தூங்கவைப்பார்கள். அந்த நேரத்தில் பேசச் சொல்லிப் பார்ப்பார்கள். பேச்சு நின்றால் மொழி அந்தப் பக்கம். இப்போது அந்த வேலையில் பெரும்பகுதியை ஊசி குத்தாமல் எம்.ஆர்.ஐ செய்துவிடுகிறது. அக்காவுக்கு இது தெரிந்தால் ஸ்கேனரின் சத்தத்தைக் கொஞ்சம் மன்னிப்பார்.

மார்ச் 5

பெர்ஃப்யூஷன் பற்றிக் கேட்டீர்கள். கட்டிக்குள் ரத்தம் எவ்வளவு ஓடுகிறது என்று பார்ப்பது. வேகமாக வளரும் கட்டி தனக்கென்று புது ரத்தக்குழாய்களை முளைக்கவைத்துக்கொள்ளும். காடோலினியத்தை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு, அது மூளையைக் கடந்து போகும் அந்தச் சில வினாடிகளில் சிக்னல் எவ்வளவு இறங்குகிறது என்று ஒவ்வொரு புள்ளியிலும் அளக்கிறோம். இறக்கம் ஆழமாக இருந்தால் அங்கே ரத்தம் அதிகம்.

இதில் எங்கள் பாடு யாருக்கும் தெரியாது. மருந்து வினாடிக்கு 4, 5 மி.லி. வேகத்தில் போக வேண்டும். அதற்குக் கையில் பச்சையோ பிங்க்கோ வென்ஃப்ளான் (மருந்து ஏற்றக் கையில் குத்தி வைக்கும் குழாய், நிறம் அதன் தடிமனைச் சொல்லும்) இருக்க வேண்டும், முழங்கை மடிப்புப் பக்கம் நல்ல நரம்பில். வார்டிலிருந்து வரும் நோயாளி புறங்கையில் மஞ்சள் வென்ஃப்ளானோடு வருவார். அது பச்சைக் குழந்தைக்குப் போடுகிற அளவு. அதில் இன்ஜெக்டரை மாட்டினால் நரம்பு வெடித்துக் கை வீங்கும். மருந்து மெதுவாகப் போனால் அந்த இறக்கம் பரந்து ஒன்றுக்கும் உதவாமல் போகும். உடனே இன்னொரு தரம் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கக் கூடாது. உடம்பில் மருந்து ஏற்கெனவே கலந்துவிட்டது. அதனால் நான் ஆளைப் பார்க்கும் முன்பு கையைத்தான் பார்ப்பேன். ஸ்கேனுக்குப் போகும் நாளில் வென்ஃப்ளான் என்ன நிறம் என்று நீங்களும் பாருங்கள்.

மார்ச் 5, இரவு

எண் எவ்வளவு வந்தால் மோசம் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மூளையில் ஆரோக்கியமாக இருக்கும் வெண்பொருளோடு (நரம்பிழைகள் ஓடும் உட்பகுதி) ஒப்பிட்டு ரத்த அளவு எத்தனை மடங்கு என்று ரிப்போர்ட்டில் எழுதுவார்கள். 1.75 என்ற எல்லைக்கோடு பிரபலம். 2003-ல் க்ளியோமா (மூளைத் திசுவிலேயே தோன்றும் கட்டி) உள்ள 160 நோயாளிகளை வைத்து வந்த ஆய்விலிருந்து வந்தது. அந்தக் கோட்டை வைத்தால் உயர் கிரேடு கட்டிகளில் 95 சதவீதம் பிடிபட்டன. கேட்க நன்றாக இருக்கிறதா? அதே ஆய்வில் தாழ்ந்த கிரேடு கட்டிகளை அப்படித்தான் என்று சரியாகச் சொன்னது 57.5 சதவீதம்தான். மிச்சமெல்லாம் மோசமான கட்டி போல வேஷம் போட்டவை.

அந்த வேஷக்காரர்களில் முக்கியமான ஆள் ஆலிகோடெண்ட்ரோக்ளியோமா என்ற வகை க்ளியோமா. கிரேடு 2-ல் இருக்கும்போதே அதற்குள் நுண்குழாய்கள் வலைப்பின்னலாக ஓடும். பெர்ஃப்யூஷன் படத்தில் சிவந்து எரியும். படத்தை மட்டும் பார்ப்பவர் குடும்பத்தையே கலங்கடித்துவிடுவார்.

ஆகவே 1.9 என்று ரிப்போர்ட் வந்தால் யாரும் உட்கார்ந்து அழ வேண்டாம். மெஷினும் மென்பொருளும் மாறினால் எண்ணும் மாறும்.

மார்ச் 7

"ஸ்பெக்ட்ரோஸ்கோப்பி எடுத்தால் கேன்சரா இல்லையா என்று தெரிந்துவிடும், பயாப்ஸியே வேண்டாம்" என்று இங்கே ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். தயவுசெய்து இதை நம்பி யாரும் பயாப்ஸியைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஒரு சின்னப் பெட்டி அளவு இடத்தில் என்ன ரசாயனம் எவ்வளவு இருக்கிறது என்று வரைபடமாகக் காட்டுவது அது. வரைபடத்தின் அடிக்கோட்டில் ஒவ்வொரு ரசாயனத்துக்கும் ஒரு எண் இடம் உண்டு. 2.02-ல் என்.ஏ.ஏ, நரம்பு செல்கள் நலமாக இருப்பதன் அடையாளம். 3.2-ல் கோலின், செல்களின் மேல்தோல் அவசரமாகக் கட்டப்பட்டு இடிக்கப்படுவதன் அடையாளம். நடுவில் 3.03-ல் கிரியாட்டின். கட்டியில் கோலின் ஏறும், என்.ஏ.ஏ இறங்கும். 1.3 பக்கம் கொழுப்பும் லாக்டேட்டும் எழும்பினால் உள்ளே திசு செத்துக்கொண்டிருக்கிறது என்று சந்தேகிப்பார்கள்.

ஆனால் கோலின் ஏறுவது கட்டிக்கு மட்டும் உரிய குணம் கிடையாது. நரம்பிழையைச் சுற்றியிருக்கும் மயலின் உரை அழிந்து வீங்கும் நோயிலும் ஏறும். அது பார்ப்பதற்கும் கட்டி போலவே இருக்கும். அந்தப் பெட்டியை எங்கே வைக்கிறோம் என்பதிலும் எல்லாம் இருக்கிறது. மண்டை ஓட்டுக்கு ஒட்டி வைத்தால் தோலடிக் கொழுப்பு உள்ளே கொட்டி வரைபடத்தையே மூடிவிடும். நீர் தேங்கிய இடத்திலோ ரத்தக்கசிவின் மேலோ வைத்தால் கோடு சந்தையிரைச்சல் மாதிரி வரும். ரிப்போர்ட் எழுதும் டாக்டர் வந்து, "பெட்டியை அரை சென்டிமீட்டர் உள்ளே தள்ளு" என்று சொல்லி, தள்ளியபின் கோலின் உயரம் வேறாக வந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதே கட்டி, அதே ஆள்.

பெயர் வைப்பது நுண்ணோக்கியும் மரபணுப் பரிசோதனையும்தான். 2021-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வகைப்பாட்டில், பெரியவர்களுக்கு க்ளியோப்ளாஸ்டோமா என்று சொல்ல வேண்டுமானால் ஐ.டி.எச் மரபணுவில் மாற்றம் இருக்கக் கூடாது. திசு இல்லாமல் அதை எப்படி உறுதியாகச் சொல்வது?

மார்ச் 7, பின்குறிப்பு

மேலே எழுதியதைக் கொஞ்சம் தளர்த்துகிறேன். ஐ.டி.எச் மாற்றம் உள்ள கட்டியில் 2-ஹைட்ராக்சிகுளுட்டரேட் என்ற பொருள் சேரும். அதை 2.25 பக்கம் ஸ்பெக்ட்ரோஸ்கோப்பியில் பிடிக்கலாம் என்று 2012-ல் காட்டினார்கள். தனி அமைப்பு வேண்டும், பொறுமை வேண்டும், எல்லா இடத்திலும் எடுப்பதில்லை. இருந்தாலும் ரசாயனத்தை வெளியிலிருந்தே மோப்பம் பிடிக்கிறது என்றால் லேசான காரியம் இல்லை.

இன்னும் சுவாரசியம், புது ஸ்கேனே இல்லாமல் கிடைக்கும் துப்பு. டி2 படத்தில் கட்டி முழுக்க வெள்ளை. ஃப்ளேர் படத்தில் ஓரம் மட்டும் வெள்ளை, நடுப்பகுதி கறுத்துவிடும். பெரியவர்களிடம் இந்தப் பொருத்தமின்மை தெளிவாகத் தெரிந்தால் ஐ.டி.எச் மாற்றமுள்ள ஆஸ்ட்ரோசைட்டோமா என்று பெரும்பாலும் நம்பலாம், 2017-லிருந்து பேசப்படுகிறது. தெரியாவிட்டால் அந்தக் கட்டி இல்லை என்று ஆகாது. சிறுவர்களிடம் வேறு கட்டிகளும் இப்படிக் காட்டும். இந்த இரண்டு படமும் சாதாரண ஸ்கேனிலேயே இருக்கிறவை. பழைய படத்தை ஒழுங்காகப் பார்ப்பதும் உயர்ந்த தொழில்நுட்பம்தான்.

மார்ச் 8

டிஃப்யூஷனை, அதாவது நீர் மூலக்கூறுகள் எவ்வளவு நகர்கின்றன என்று பார்க்கும் படத்தை, பட்டியலில் காணோமே என்கிறீர்களா? அது முதல் ஸ்கேனிலேயே எடுத்திருப்பார்கள், இரண்டு நிமிட வேலை. வளையம் போலத் தெரியும் ஒன்று சீழ்க்கட்டியா புற்றுக்கட்டியா என்று பிரிக்க இதைப்போல உதவும் படம் குறைவு. சீழ் கெட்டி; நீர் மூலக்கூறு அதில் நகர முடியாமல் திணறும், நடுப்பகுதி பளிச்சிடும். லிம்ஃபோமா என்ற நிணநீர் செல் புற்றும் செல்கள் நெருக்கியடித்து இருப்பதால் பளிச்சிடும்.

மார்ச் 9

ஃபங்ஷனல். எனக்குப் பிடித்தது, என்னைப் படுத்துவதும் இதுதான்.

மூளையின் ஒரு பகுதி வேலை செய்தால் அங்கே ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் தேவைக்கு மேலேயே பாயும். ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபின் காந்தப்புலத்தைக் கொஞ்சம் குலைக்கும், ஆக்சிஜன் உள்ளது குலைக்காது. இந்தக் காந்தக் குணத்தை 1936-லேயே லைனஸ் பாலிங் எழுதிவிட்டார். அதை வைத்துப் படம் எடுக்கலாம் என்று 1990-ல் சேய்ஜி ஒகாவா காட்டினார். கிடைக்கும் மாற்றம் சில சதவீதம்தான். தலை கொஞ்சம் அசைந்தால் அதைவிடப் பெரிய மாற்றம் வந்துவிடும்.

அக்காவுக்கு என்ன நடக்கும் என்றால்: அரை நிமிடம் வேலை, அரை நிமிடம் ஓய்வு, மாறி மாறி. "ஒரு எழுத்து வரும், அதில் ஆரம்பிக்கும் வார்த்தைகளை மனசுக்குள் சொல்லுங்கள், வாய் அசையக் கூடாது" என்போம். விரல் தட்டச் சொல்வோம். மனசுக்குள் சொல்கிறாரா, மதியச் சாப்பாட்டை யோசிக்கிறாரா என்று எங்களுக்குத் தெரியாது. ஒரு பெரியவருக்கு எடுத்து முடித்து வரைபடத்தைப் பார்த்தால் மொழிப் பகுதி சுத்தமாகக் காலி. பதறிப்போய் உள்ளே போனால் மனிதர் நிம்மதியாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அதிலிருந்து வெளியே நாற்காலியில் உட்காரவைத்து ஒத்திகை பார்க்காமல் யாரையும் உள்ளே ஏற்றுவதில்லை. வலது கையைத் தட்டச் சொன்னால் தன்னையறியாமல் இடது கையையும் சேர்த்துத் தட்டுவார்கள். இரண்டு பக்கமும் விளக்கெரியும். அதற்கும் ஒத்திகைதான் மருந்து. அக்காவுக்கு வார்த்தை தடுமாறுகிறது என்றால் எளிதான பயிற்சியாகக் கொடுக்கச் சொல்லுங்கள். செய்ய முடியாததைக் கொடுத்தால் வருவது தோல்வியின் படம்.

"நான் நினைப்பதெல்லாம் ஸ்க்ரீனில் தெரியுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. தெரியாது. தெரிந்தால் நான் இந்த வேலையில் இருப்பேனா?

மார்ச் 10

நேற்று எழுதியதில் பெரிய விஷயத்தை விட்டுவிட்டுச் சின்னதையெல்லாம் எழுதியிருக்கிறேன்.

வண்ணப் பொட்டு எவ்வளவு பெரிசாகத் தெரிய வேண்டும் என்பதை மூளை தீர்மானிப்பதில்லை. ஸ்க்ரீன் ஓரத்தில் ஒரு சின்னப் பட்டை இருக்கும். மவுஸால் அதை இடப்பக்கம் இழுத்தால் ஆரஞ்சுப் பொட்டு பரந்து கட்டியின் விளிம்பைத் தொடும். வலப்பக்கம் இழுத்தால் சுருங்கி எட்டப் போய்விடும். எவ்வளவு உறுதியாக இருந்தால் வண்ணம் பூசலாம் என்ற எல்லையை நகர்த்துகிற பட்டை அது. கட்டிக்கும் பேச்சுக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டராவது இருக்கிறதா என்று சர்ஜன் பார்க்கும்போது, அந்த சென்டிமீட்டர் இந்தப் பட்டையைப் பொறுத்து வளர்கிறது, தேய்கிறது. நல்ல டாக்டர்கள் ஒரே படத்தை அனுப்ப மாட்டார்கள், சர்ஜனைப் பக்கத்தில் உட்காரவைத்து இழுத்துக் காட்டுவார்கள்.

அடுத்தது இன்னும் விவகாரமானது. கட்டியை ஒட்டிய ரத்தக்குழாய்கள் ஏற்கெனவே முழுக்க விரிந்து கிடக்கலாம், அல்லது சொன்னபேச்சு கேட்காமல் இருக்கலாம். அங்கே நரம்பு செல் வேலை செய்தாலும் ரத்தம் கூடுதலாகப் பாயாது, வண்ணமும் வராது. பார்ப்பதற்கு 'இங்கே எதுவும் இல்லை, வெட்டலாம்' என்பது போலவே இருக்கும். எங்கே நிஜமாக ஆபத்தோ அங்கேயே படம் மவுனம் சாதிக்கும். மூச்சைப் பிடிக்கச் சொல்லி ரத்தக்குழாய்கள் விரிகின்றனவா என்று தனியாக ஒரு சோதனை எடுத்தால் இந்த ஏமாற்றைக் கண்டுபிடிக்கலாம். கேட்டுப் பாருங்கள்.

ஃபங்ஷனலில் வண்ணம் இருந்தால் ஜாக்கிரதையாக இரு என்று அர்த்தம். இல்லாவிட்டால் எந்த உத்தரவாதமும் இல்லை.

மார்ச் 12

டிராக்டோகிராஃபி. சிவப்பு, பச்சை, நீலம் என்று நூல்நூலாகப் போட்ட படத்தைப் பார்த்து "நரம்பெல்லாம் இவ்வளவு தெளிவாத் தெரியுதே!" என்று எல்லோரும் வாயைப் பிளப்பார்கள். சிவப்பு இடமிருந்து வலம் போவது, பச்சை முன்னிருந்து பின், நீலம் மேலிருந்து கீழ். உண்மையில் ஒரு நரம்பு இழையையும் நாங்கள் படம் பிடிக்கவில்லை. நீர் மூலக்கூறுகள் எந்தத் திசையில் லகுவாக நகர்கின்றன என்று அளந்து, புள்ளிக்குப் புள்ளி கணினி கோடு இழுக்கிறது. கூட்டம் நகர்கிற திசையை மாடியிலிருந்து பார்த்து, கீழே தெரு இப்படித்தான் போகும் என்று ஊகிக்கிற மாதிரி.

இரண்டு பாதைகள் குறுக்கே வெட்டும் இடத்தில் ஊகம் குழம்பும். கை, முகத்துக்குப் போகும் பாதை அப்படிப்பட்ட இடத்தைக் கடக்கிறது. பழைய கணக்கு முறையில் காலுக்குப் போவது மட்டும் அழகாக வரும், கைக்குரியது காணாமல் போகும். வீக்கம் உள்ள இடத்தில் நீர் எல்லாத் திசையிலும் நகர்வதால் கோடு பாதியில் நிற்கும். நின்றுவிட்டது என்பதால் பாதை அறுந்துவிட்டது என்று பொருளில்லை.

இவ்வளவு குறை இருந்தும் ஏன் எடுக்கிறார்கள்? கட்டி அந்தப் பாதையைத் தள்ளியிருக்கிறதா, எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது என்று சர்ஜனுக்குத் தெரிந்தால் எந்த வழியாக உள்ளே நுழைவது என்று முடிவு செய்யலாம். மொழிக்கு ஆர்க்குவேட் ஃபாசிக்குலஸ் என்ற வளைந்த பாதை. மேற்பரப்பில் பேச்சுப் பகுதியைக் காப்பாற்றிவிட்டு உள்ளே இந்தப் பாதையை அறுத்தாலும் பேச்சு போய்விடும். ஃபங்ஷனல் மேற்பரப்பைச் சொல்கிறது, இது ஆழத்தைச் சொல்கிறது. அதனால்தான் ஒரே சீட்டில் இரண்டும்.

மார்ச் 14

வந்து குவிந்த கேள்விகளுக்குச் சுருக்கமாக.

காடோலினியம் விஷமா என்று கேட்டவருக்கு: கிட்னி மோசமாக இருப்பவர்களுக்குச் சில பழைய வகைகள் ஆபத்து, அதனால்தான் கிட்னியின் நிலையைச் சொல்லும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையைக் கேட்கிறோம். மூளையில் கொஞ்சம் தங்குவது தெரியவந்தபின் 2017-ல் ஐரோப்பாவில் சில வகைகளை நிறுத்தினார்கள். மருந்தே ஏற்ற முடியாதவருக்கு, கழுத்தில் ஓடும் ரத்தத்தையே காந்தத்தால் குறியிட்டுப் பார்க்கும் பெர்ஃப்யூஷன் இருக்கிறது.

அக்கா ஸ்டீராய்டு சாப்பிடுகிறார், ஸ்கேனைப் பாதிக்குமா என்றீர்கள். வீக்கமும் வெள்ளையும் குறைந்து தெரியலாம். எந்தத் தேதியில் ஆரம்பித்தது என்று ஸ்கேன் படிவத்தில் எழுதுங்கள். நீங்களாக நிறுத்தக் கூடாது, டாக்டர் சொன்னால் மட்டும். லிம்ஃபோமா என்ற சந்தேகம் இருந்தால் முடிந்தவரை பயாப்ஸி முடியும்வரை ஸ்டீராய்டைத் தொடாமல் வைப்பார்கள். அந்தக் கட்டி ஸ்டீராய்டில் கரைந்து பயாப்ஸியில் ஒன்றும் அகப்படாமல் போய்விடும்.

பல்லில் கம்பி இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். ஃபங்ஷனலும் பெர்ஃப்யூஷனும் உலோகத்தைக் கண்டால் முகத்தைக் கோணும்.

மார்ச் 15

வேறு உறுப்பிலிருந்து பரவிய கட்டியா, மூளையிலேயே பிறந்ததா என்று எப்படிப் பிரிப்பது? நல்ல கேள்வி. கட்டியை விட்டுவிட்டு அதன் சுற்றுப்புறத்தைப் பாருங்கள். பரவி வந்த கட்டிக்கு வெளியே பெரும்பாலும் வெறும் நீர் வீக்கம். அங்கே ரத்த ஓட்டமும் கோலினும் ஏறியிருக்காது. க்ளியோப்ளாஸ்டோமா என்றால் வெளியிலும் செல்கள் ஊடுருவியிருப்பதால் அந்த வீக்கத்திலேயே இரண்டும் ஏறியிருக்கலாம். நான் மார்ச் 3-ல் எழுதியது இங்கே கைகொடுக்கிறது.

மார்ச் 18

ஸ்கேன் முடிந்தது, பேச்சுப் பகுதி கட்டிக்கு மேல்விளிம்பில் நெருக்கமாக இருக்கிறது, விழித்திருக்கும்போதே ஆபரேஷன் செய்யப்போகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். "அவ்வளவு படம் எடுத்தும் நம்பிக்கை இல்லையா?" என்று கோபம் வேறு.

கோபப்படாதீர்கள். மண்டையைத் திறந்து உறையை வெட்டினதும் நீர் வடிந்து மூளை இடம் மாறும். சில நேரம் ஒரு சென்டிமீட்டருக்கு மேலேயே. படத்தை ஏற்றி வைத்திருக்கும் நேவிகேஷன் கருவிக்கு அது தெரியாது. நேற்றைய மூளையையே காட்டிக்கொண்டிருக்கும். அதனால் சர்ஜன் மேற்பரப்பில் சின்ன மின்தூண்டுதல் கொடுத்துக்கொண்டே அக்காவிடம் படங்களைக் காட்டிப் பெயர் சொல்லச் சொல்வார். எங்கே தொட்டால் வார்த்தை நிற்கிறதோ அங்கே ஒரு சீட்டு வைப்பார். இந்த முறையை மான்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்ட் வளர்த்தெடுத்தார், எம்.ஆர்.ஐ பிறப்பதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்னால். இன்றும் எங்கள் வண்ணப் படங்களைச் சரிபார்க்கும் உரைகல் அதுதான். விழித்திருக்கும்போது செய்யலாம் என்ற முடிவே உங்கள் ஸ்கேனைப் பார்த்து எடுத்ததாகத்தான் இருக்கும். எங்கே திறப்பது, எங்கிருந்து தொட ஆரம்பிப்பது என்பதையும் அதுதான் சொல்லும்.

மார்ச் 18, இரவு

முக்கியமானது மறந்துபோகும் முன். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஃபிலிமை மட்டும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். நேவிகேஷனில் ஏற்றுவதற்கு சி.டி. வேண்டும். எல்லா வரிசையும் அதில் இருக்கிறதா என்று ஸ்கேன் சென்டரிலேயே கேட்டு வாங்குங்கள். ஃபங்ஷனலும் டிராக்டோகிராஃபியும் தனியாகச் சேமிக்கப்படுவதால் விட்டுப்போவது உண்டு. ஆபரேஷனுக்கு முதல்நாள் நெற்றியிலும் காதோரத்திலும் நேவிகேஷனுக்கு அடையாளமாக வட்ட ஸ்டிக்கர் ஒட்டி ஒரு ஸ்கேன் எடுத்தால், தலைக்குக் குளிக்கிறேன் என்று அக்கா அதைப் பிய்த்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.